சுங்கமும் தோல் வணிகரும்

கோவை மாநகரில் திருச்சி சாலையில் 'சுங்கம்' என்றோர் இடம் உண்டு. இன்று அங்கே சுங்கம் வாங்குவார் எவருமில்லை. பேருந்தில் ஏறி "சுங்கம் ஒரு டிக்கெட்" என்று கேட்கும் இளைஞருக்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும் சரக்கு வண்டியை மறித்து நிறுத்தி வரி வாங்கிய ஒரு காலத்தை அப்பெயர் இன்னும் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

சுங்கம் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொதிகளிலும் இறக்குமதிப் பொதிகளிலும் சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை பாடுகிறது. மன்னனின் வருவாய் வகைகளை எண்ணும் வள்ளுவர் 'உல்கு' என்னும் சுங்கப் பொருளையும் சேர்த்தே எண்ணுகிறார். கி.பி. 849ஆம் ஆண்டைச் சார்ந்த கொல்லம் செப்பேடுகளில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களுக்கு அளிக்கப்பட்ட உரிமைகள் காணப்படுகின்றன. அச்செப்பேட்டில் சாட்சியொப்பமிட்ட வணிகருள் சிலர் கூஃபி அரபு எழுத்தில் கையெழுத்திட்டிருக்கின்றனர் என்பது நம் வாசகர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. பின்னர் வந்த முதலாம் குலோத்துங்கனோ, சுங்கத்தை நீக்கியதனாலேயே 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான்.

மன்னன் மனமிரங்கிச் சுங்கம் தவிர்த்தான். இது பழைய வரலாறு. சாதாரண வணிகர் மனுச்செய்து, வாதாடி, சட்டத்தின் துணையால் ஒரு வரியைத் தவிர்க்கச் செய்தனர். இது நம் காலத்து வரலாறு. இந்தியக் குடியரசில் மாநிலத்துக்கு மாநிலம் வரிச்சுவர் எழலாகாது என்னும் நெறியை நிலைநாட்டிய தீர்ப்புகளில், சென்னை மாநிலத்து முஸ்லிம் தோல் வணிகர்கள் தொடுத்த வழக்குகள் முன்வரிசையில் நிற்கின்றன. சட்டக் கல்லூரி மாணவர்கள் அவ்வழக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். நம் குடும்பங்களிலோ அவற்றைக் கேள்விப்பட்டோர் அரிது.

விற்பனை வரி பிறந்த கதை

அன்றைய சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள்ளும் சாராயமும் தந்த வருவாய் போயிற்று. போன வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே எல்லாப் பொருள்களுக்குமான முதல் பொது விற்பனை வரி அதுவே. குடிப்பவன் கொடுத்துவந்த பணத்தை இனி மளிகை வாங்குபவன் கொடுக்கலானான் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த முணுமுணுப்பு முற்றிலும் நியாயமற்றது என்று சொல்வதற்கில்லை. எனினும் ஒரு குடும்பத்தைக் கள்ளுக்கடையிலிருந்து மீட்பதற்கு அது பெரிய விலையுமன்று.

இச்சட்டப்படி வரி பெரும்பாலும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் விழுந்தது. ஆனால் தோலுக்குத் தனி முறை வகுக்கப்பட்டது. தோல் பல கை மாறும் சரக்கு. கிராமத்துச் சந்தையில் ஒருவர் வாங்குவார், உப்பிட்டு மண்டிக்கு ஒருவர் அனுப்புவார், பதனிடுவோர் ஒருவர், பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டில் விற்பவர் வேறொருவர். ஒவ்வொரு கையிலும் வரி என்றால் தொழில் தாங்காது. ஆதலால் ஒரே இடத்தில் ஒரே முறை வரி என்று வைத்தார்கள்.

தோல் தொழில் நம் சமுதாயத்தின் தொழில்களுள் ஒன்றாக வளர்ந்ததைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று அதன் ஊர்வரிசை நீளும். ஆவாரம்பட்டையில் ஊறிப் பதம்பெற்ற தென்னாட்டுத் தோல் ஐரோப்பியச் சந்தைகளில் பெயர்பெற்றிருந்தது. கொங்கு நாட்டு மேட்டுக் காடுகளில் தானே முளைத்து மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும் ஆவாரைக்கு உலக வாணிபத்தில் ஓர் இடம் இருந்தது என்று இன்று சொன்னால் நம்புவார் குறைவு. அத்தொழிலில் ஈட்டிய பொருள் கல்விக்கூடங்களாகவும் உருப்பெற்றது. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி அத்தகைய ஊரொன்றில் எழுந்ததே.

பதினாறாம் விதி

1955 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்படி விற்பனை வரி விதிகளில் 16ஆம் விதி திருத்தி எழுதப்பட்டது. படிக்கும்போது அதில் குற்றம் தெரியாது. பச்சைத் தோலென்றால் மாநிலத்துக்குள் கடைசியாக வாங்குபவர் வாங்கும் விலைக்கு வரி கட்டவேண்டும். பதனிட்ட தோலென்றால் மாநிலத்துக்குள் முதலில் விற்பவர் விற்கும் விலைக்குக் கட்டவேண்டும். ஆனால் பச்சைத் தோலாய் இருந்தபோதே வரி கட்டப்பட்டிருந்தால், பதனிட்டு விற்கும்போது மறுபடியும் வரி இல்லை.

சூட்சுமம் இந்தக் கடைசி வாசகத்தில் இருக்கிறது. அதை அன்றைய நாணயத்திலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். அப்போது பொது வரி விகிதம் ரூபாய்க்கு 3 பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. உதாரணத்துக்காக, பச்சைத் தோல் 100 ரூபாய்க்கு வாங்கப்பட்டு, பதனிட்டபின் 150 ரூபாய்க்கு விற்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் பதனிட்டவர் 100 ரூபாய்க்கு மட்டுமே வரி கட்டினார்: 1 ரூபாய் 9 அணா. வெளி மாநிலத்தில் பதனிட்ட அதே தரமான தோலைக் கொண்டுவந்து விற்றவர் 150 ரூபாய்க்கும் கட்டினார்: 2 ரூபாய் 5 அணா 6 பை. விகிதம் ஒன்று, விதி ஒன்று, ஆனால் வரி ஒன்றரை மடங்கு. காரணம், ஒருவருடைய தோல் எல்லைக்கு அப்பால் ஊறியது. மற்றவருடையது எல்லைக்கு இப்பால் ஊறியது.

அந்த எல்லைதான் எத்தகையது? 1956 நவம்பர் முதல் நாள் வரையில் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கொள்ளேகாலம் கோவை மாவட்டத்தின் ஒரு தாலுகா. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அன்று பாலக்காடு கேரளமாயிற்று. கொள்ளேகாலம் மைசூரோடு சேர்ந்தது. அக்டோபர் 31ஆம் நாள் 'உள்ளூர்ச் சரக்கு' என்று கோவைக்கு வந்த பொருள், மறுநாள் காலையில் அதே பாதையில் அதே வண்டியில் வந்தால் 'வெளிமாநிலச் சரக்கு'. ஆயிரமாண்டுகளாகப் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு நாடும் சேர நாடும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தன. வரைபடத்தில் இழுத்த ஒரு கோடு அப்போக்குவரத்தை இறக்குமதியாக்கிவிட்டது.

ஏ.டி.பி. மெஹ்தாப் மஜீத் கம்பெனியார் இரு வகைத் தோலும் விற்றவர்கள். வெளிமாநிலத்தில் பதனிட்ட தோலுக்குத் தம்மீது விதித்த வரியை எதிர்த்து அவர்கள் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே சென்றனர். அவர்கள் பற்றிக்கொண்டது அரசியல் சட்டத்தின் 301ஆம் பிரிவையும் 304ஆம் பிரிவையும். இந்திய நிலப்பரப்பு முழுவதும் வணிகமும் வாணிபப் போக்குவரத்தும் தடையற்றிருத்தல் வேண்டும் என்பது முன்னது. வெளிமாநிலச் சரக்குக்கு ஒரு மாநிலம் வரி விதிக்கலாம். ஆனால் தன் மாநிலத்தில் விளையும் அல்லது செய்யப்படும் அத்தகைய சரக்குக்கும் அதே வரி இருக்கவேண்டும், பாகுபாடு கூடாது என்பது பின்னது.

அரசுத் தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. விற்பனை வரி என்பது எல்லையில் வாங்கும் சுங்கமன்று. சரக்கு உள்ளே வந்து, கடையில் இறங்கி, விலையாகும்போது விழும் வரி. அது எவ்வாறு போக்குவரத்தைத் தடுக்கும்? உள்ளூர்த் தோலும் வரி கட்டித்தானே வருகிறது? இவையே அவ்வாதத்தின் சாரம்.

1962 நவம்பர் 22ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இரகுபர் தயாள். வரியின் பெயர் என்ன, அது எந்த இடத்தில் வாங்கப்படுகிறது என்பதை மட்டும் நீதிமன்றம் பார்க்கவில்லை; இறுதியில் அது சரக்கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்தது. உள்ளே வந்தபின் விழும் வரியாயினும், அது வெளிச்சரக்கை விலைகூட்டி ஒதுக்குமானால் தடையற்ற வாணிபத்தைப் பாதிப்பதே. பதனிட்ட தோலின் விலை பச்சைத் தோலின் விலையைவிட மிகுதி. ஆதலால் ஒன்றுக்கு விற்ற விலைக்கும் மற்றொன்றுக்கு வாங்கிய விலைக்கும் வரி என்பது பாகுபாடே. எனவே 16ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவு செல்லாது என்று முடிந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை. பழைய வரியைக் காப்பாற்ற 1963இல் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டம் இயற்றி, அதை 1955க்குப் பின்னோக்கி நடைமுறைப்படுத்தியது. ஒரு கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறு இருக்க முடியுமா என்று நான் எண்ணிப் பார்க்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் விற்ற சரக்கு. வாங்கியவர் யார், இப்போது எங்கிருக்கிறார் என்பதே தெரியாது. அவரிடம் சென்று "அன்றைய வரி பாக்கி இருக்கிறது" என்று கேட்கவும் இயலாது. அரசு கேட்கும் தொகையோ கடைக்காரரின் கைமுதலிலிருந்து போக வேண்டும். ஹாஜி அப்துல் ஷகூர் கம்பெனியார் அச்சட்டத்தையும் எதிர்த்து வழக்காடினர். 1964இல் உச்ச நீதிமன்றம் வெளியிலிருந்து வந்த தோலைப் பற்றிய அச்சட்டத்தின் ஏற்பாட்டிலும் பழைய பாகுபாடே புது உடையில் இருப்பதைக் கண்டு அதையும் செல்லாததாக்கியது. ஒரே வாதம் இருமுறை வென்றது.

தோலிலிருந்து சிமெண்டுக்கு

இந்த வெற்றியின் பயனைத் தோல் வணிகர் மட்டும் அனுபவிக்கவில்லை. ஆந்திரப் பிரதேசமும் கர்நாடகமும் தத்தம் மாநிலத்தில் செய்யப்படும் சிமெண்டுக்கு மட்டும் விற்பனை வரியைக் குறைத்தபோது, நம் கொங்கு நாட்டுச் சங்ககிரியிலும் ஆலை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் உச்ச நீதிமன்றத்தை நாடி 1988இல் வென்றது. அதே ஆண்டில் குஜராத் அரசு உள்ளூர்த் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் குறைந்த வரியும் வெளியூர்ப் பெட்டிக்கு மிகுந்த வரியும் வைத்திருந்ததும் விழுந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வீடுதோறும் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. எந்தப் பெட்டியைக் கண்ணாடி அலமாரியின் முன்வரிசையில் வைப்பது என்பதைக் கடைக்காரர் அல்லர், வரி அட்டவணையே தீர்மானித்துக்கொண்டிருந்தது.

ஆனால் எல்லாம் நேர்வழியில் சென்றுவிடவில்லை. பின்தங்கிய பகுதிகளில் தொடங்கும் புதுத் தொழில்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வரிவிலக்குத் தரலாம் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. தொழில் வளரட்டும் என்னும் நல்லெண்ணம் அதில் உண்டு. அந்த வாசல் வழியே நுழைந்த சலுகைகள் எத்தனை என்று எண்ணினால் நல்லெண்ணத்தின் எல்லையும் புரியும்.

வெற்றிலை காய்கறியா?

வரி வழக்கு என்றாலே வறட்சியான செய்தி என்று எண்ணுவோருக்காக ஒரு சிறு விலகல். 1880களில் அமெரிக்காவில் இறக்குமதியாகும் காய்கறிக்குச் சுங்கம் இருந்தது, பழத்துக்கு இல்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தக்காளி கொண்டுவந்த நியூயார்க் மொத்த வணிகர் ஜான் நிக்ஸ், தாவர நூலின்படி தக்காளி ஒரு பழமே என்று சுங்க அதிகாரி மீது வழக்குத் தொடுத்தார். 1893 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாவர நூல் எதையும் சொல்லட்டும். மக்கள் தக்காளியை உணவோடு சமைத்துத்தான் உண்கிறார்கள், உணவுக்குப்பின் பழமாக அன்று. ஆதலால் சுங்கத்துக்கு அது காய்கறியே என்று முடித்தது.

நம் நாட்டிலும் இதற்கு உடன்பிறப்பு உண்டு. காய்கறிக்கு விற்பனை வரியில்லை என்றிருந்த மத்தியப் பிரதேசத் தரப்புச் சட்டத்தின்கீழ், வெற்றிலையும் காய்கறியே என்று அகோலாவின் வணிகர் ஒருவர் வாதிட்டார். 1961இல் உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கி வா என்றால் எவரும் வெற்றிலைக் கவுளியோடு திரும்புவதில்லை. பொருள்களின் பெயரை அகராதியில் தேடாமல் கடைவீதியில் தேடவேண்டும் என்னும் இந்நெறி கடைக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு. தாம் விற்பது என்ன என்பதை அவரே அறிந்திருக்கிறார்; வேதியியல் பட்டதாரியைக் கூப்பிட வேண்டியதில்லை.

பணம் யாரிடம்?

வெற்றிலை என்றதும் நினைவுக்கு வரும் இன்னொரு வழக்கு, இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு நம்மைக் கொண்டுசேர்க்கிறது. நீதிமன்றம் ஒரு வரி செல்லாது என்று சொல்லிவிட்டால், அதுவரை வாங்கிய பணம் யாருக்குச் சேரும்?

1958இல் பனாரஸ் வணிக நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தைத் தவறாகப் புரிந்து கட்டிய வரியை அரசு திருப்பித் தரவேண்டும் என்றது. கட்டியவருக்கே திருப்பம். நேர்மையான விதிபோலத் தோன்றுகிறது. ஆனால் ஹைதராபாத்தில் ஆர். அப்துல் காதர் கம்பெனியாரின் வழக்கைப் பாருங்கள். அவர்கள் வெற்றிலை விற்கையில் வாங்குவோரிடம் விற்பனை வரியென்று ஒரு தொகை வசூலித்தனர், அரசுக்குக் கட்டவில்லை. அந்த விற்பனைக்கு அவர்கள் வரி கட்டவேண்டியதே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. வரியென்று சொல்லி வாங்கியதை எம்மிடம் கட்டு என்றது அரசு. 1964இல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி வரியல்லாத ஒரு தொகையைக் கேட்கும் அதிகாரம் விற்பனை வரிச் சட்டம் இயற்றும் மாநிலத்துக்கு இல்லை என்று அந்தச் சட்டப் பிரிவைச் செல்லாததாக்கிவிட்டது.

அரசுக்கும் இல்லை, வணிகரிடமே தங்கியது. வெற்றிலை போட்டவர் கதி? அவர் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. வந்திருந்தாலும் காலணா அரையணாவுக்கு எந்த இரசீதைக் காட்டுவார்?

இந்த முடிச்சை அவிழ்க்க முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1991இல் மத்திய அரசு சுங்கச் சட்டத்தையும் உற்பத்தி வரிச் சட்டத்தையும் திருத்தியது. வரித் திருப்பம் கேட்பவர், அந்தச் சுமையைத் தாம் பிறர்மீது ஏற்றவில்லை என்று மெய்ப்பிக்கவேண்டும். மெய்ப்பிக்காவிட்டால் பணம் நுகர்வோர் நல நிதிக்குப் போகும். மஃபத்லால் நிறுவனத்தின் வழக்கில் தலைமை நீதிபதி ஏ.எம். அஹ்மதி தலைமையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, 1996 டிசம்பர் 19ஆம் நாள் இத்திருத்தத்தை உறுதிசெய்தனர். பெரும்பான்மையின் கருத்தை எழுதியவர் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி. பனாரஸ் வழக்கின் பழைய நெறி அன்றோடு முடிந்தது. உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ விலையோடு சேர்த்து மக்களிடம் வாங்கிவிட்ட வரியை அரசிடமிருந்து இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்ளலாகாது. ஒருவர் இழக்காத பொருளைத் திரும்பக் கேட்பது நம் மார்க்கத்தின் கொடுக்கல்வாங்கல் நெறிக்கும் ஒவ்வாததே.

எனினும் இத்தீர்ப்பில் சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைத்தது என்ன? பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் சாலையோரம் ஒரு மின்சாதனக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலைத் தொழிலாளரும் வித்யாலயத்து ஆசிரியரும் வந்து போகும் கடை. வெளிநாட்டு உதிரிபாகம் ஒன்றுக்கு இறக்குமதித் தீர்வை கூடுகிறது. சென்னை இறக்குமதியாளர் அதை விலையில் சேர்க்கிறார். கோவை மொத்த வியாபாரி தம் பங்கையும் சேர்க்கிறார். கடைக்காரர் கடன் வாங்கிச் சரக்கெடுத்து அடுக்கி வைக்கிறார். ஓராண்டுக்குப்பின் தீர்வை செல்லாது என்று தீர்ப்பு வருகிறது. மறுநாளே புதுச்சரக்கு குறைந்த விலைக்கு எதிர்க்கடையில் இறங்குகிறது. பழைய விலைச் சரக்கு அலமாரியில் தூசி படிகிறது. விலையைக் குறைத்து நட்டத்துக்கு விற்றால், அவர்மீது விழுந்த தீர்வைச் சுமையை அவர் பிறர்மேல் ஏற்றவில்லை என்பது உண்மை. சட்டமும், சுமையைத் தாங்கிய கொள்முதலாளர் திருப்பம் கேட்க இடம் தருகிறது. ஆனால் அவரிடம் இருப்பது மொத்த வியாபாரியின் ஒரு பில். அதில் இத்தனை ரூபாய் தீர்வை என்று தனியே எழுதியிருக்காது. குறித்த கெடுவுக்குள் மனுச் செய்து, கணக்காளர் சான்று வைத்து, அதிகாரி முன் மெய்ப்பிக்க அவர் கடையை எத்தனை நாள் பூட்டுவது? நீதி உண்டு, அதன் வாசல் பெரிய கணக்குப் புத்தகம் உடையவருக்கு மட்டுமே எட்டும் உயரத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. தோல் வணிகர் வென்றதுகூட அவர்கள் சங்கிலியின் நடுவில், ஆவணத்தோடு இருந்ததனால்தான்.

வாளையாறு முதல் நியூயார்க் வரை

மாநில எல்லை வரிகளின் கதை பின்னரும் நீண்டது. 'நுழைவு வரி' என்ற பெயரில் மாநிலங்கள் வெளிச்சரக்கின்மீது புது வரி விதித்தன. தமிழகத்தின் 2001ஆம் ஆண்டு நுழைவு வரிச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2016 நவம்பர் 11ஆம் நாள் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், இருவர் மாறுபட, நுழைவு வரி என்பதனாலேயே அது குற்றமாகாது. பாகுபாடு இருந்தால்தான் குற்றம் என்றனர். 1962இல் தோலை வைத்துக் கேட்ட அதே கேள்வி, வேறெல்லாம் கழிந்தபின் நின்ற கேள்வியாயிற்று. அடுத்த ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிச் சுங்கம் கட்டிவந்த பொருளுக்கும் மாநிலம் நுழைவு வரி வாங்கலாம் என்று கேரள வழக்கொன்றில் தீர்ப்பாயிற்று. ஆனால் அத்தீர்ப்பு வரும்போது நுழைவு வரியே பழங்கதையாகிவிட்டிருந்தது. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நாடெங்கும் வந்தது. கோவை–பாலக்காடு சாலையில் வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்ற வரிசை ஓய்ந்தது.

மாநிலச் சுவர் இடிந்தபின் நாடுகளின் சுவர் உயர்ந்தது. 2025 ஆகஸ்ட் 27ஆம் நாளிலிருந்து இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவிகிதத் தீர்வை விதித்தபோது, அதன் அதிர்ச்சி முதலில் கேட்ட ஊர்களுள் திருப்பூர் ஒன்று. 'பதிலுக்குப் பதில் தீர்வை' என்று அதற்கு முன்னர் அந்நாட்டு அதிபர் அறிவித்த கொள்கை ஏதோ புதிது என்று சிலர் எழுதினர். கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமைக் காழியான அபூ யூசுப் தம் கராஜ் நூலில் இதைப் பேசியிருக்கிறார். பிறநாட்டு வணிகரிடம், அவர்கள் நாட்டில் முஸ்லிம் வணிகர் என்ன கொடுக்கிறார்களோ அதையே வாங்கும்படி ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஏற்படுத்திய முறை அது. அங்கே அளவு இருந்தது: பத்தில் ஒன்று.

அமெரிக்க அதிபரின் தீர்வைகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களும் பெரும் ஆலையதிபர்கள் அல்லர். குடும்பமாக நடத்தும் இறக்குமதிக் கடை, பெண்களுக்கான சைக்கிள் உடைகள் விற்கும் நிறுவனம், தூண்டில் முதலிய மீன்பிடி சாதனங்கள் விற்கும் கடை ஆகிய சிறு நிறுவனங்களே. 1977ஆம் ஆண்டின் நெருக்கடிநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம் அதிபருக்கு இத்தகைய தீர்வை விதிக்கும் உரிமையைத் தரவில்லை என்று 2025 மே 28ஆம் நாள் நியூயார்க்கிலுள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றமும், ஆகஸ்ட் 29ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏழுக்கு நான்கு என்ற பெரும்பான்மையிலும் தீர்ப்பளித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வரி விதிப்பது மக்கள் மன்றமா, ஆட்சித் தலைவரா என்பது அங்கே கேள்வி. நம் அரசியல் சட்டம் சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் இல்லை என்று 265ஆம் பிரிவில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது.

அங்கும் தீர்ப்போடு கூடவே எழுந்தது நாம் மேலே கண்ட பழைய கேள்விதான்: பணம் யாருக்கு? அந்நாட்டு முறைப்படி, சுங்கத்துறைப் பதிவில் இறக்குமதியாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே திருப்பம். அவரிடம் கூடுதல் விலைக்கு வாங்கி விற்ற சில்லறைக் கடைக்காரர் அரசிடம் நேரே கேட்க முடியாது, இறக்குமதியாளரிடம்தான் கேட்கவேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வாசகம் எழுதிக்கொண்டவருக்கு வழக்காட ஒரு பிடியாவது உண்டு. அவ்வாறு எழுதிக்கொள்ளாதவர், அடுத்த கொள்முதலில் விலையைக் குறைத்துத் தரும்படி பேரம் பேசிப் பார்க்க வேண்டியதுதான்.